தரையில் கால் வைக்கும் முன்

ஜனவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு இருமல் விட்டதா? என் கடிதங்களை நீ அத்தைக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை.

வலது குதிகாலில் ஒரு வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், தரைக்கு அடியிலிருந்து யாரோ ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் தணியும். அப்பாடா என்று நினைத்து வேலைக்குப் போய், நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் சாயங்காலம் மறுபடியும் அதே கதை.

எங்கள் மீன் காட்சியகத்தின் பெரிய கூடத்தில் தரை முழுக்கப் பளிங்குக் கல். பார்க்க வருகிறவர்கள் உட்கார பெஞ்சு உண்டு, காவலுக்கு நிற்கிற எங்களுக்குக் கிடையாது. "கண்ணாடியத் தட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. தட்டாத ஆளை இன்னும் பார்க்கவில்லை. கூட்டம் குறைந்ததும் கூடம் முழுக்க நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். ஒரு திருக்கை மீன், துணி உதறுகிற மாதிரி தலைக்கு மேல் மெதுவாகப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியாது. பிறகு குதிகால் வந்து சொல்லும், நிற்கிறாய் என்று.

அத்தையின் உடம்பைப் பற்றி மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் போய், இப்போது இருமுகிற நேரத்தையும் பேச்சுக்கே எடுத்துக்கொள்கிறாள். உங்கள் கால்தான் எங்களுக்குக் கவலை.

"ஒரு போன் பண்ணிக் கேட்டா ஆச்சு, இதுக்கு ஏன் கடுதாசி?" என்கிறார் என் வீட்டுக்காரர். மின்வெட்டுப் புகார் அறையில் காலையிலிருந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "கரண்ட் எப்ப வரும்?" என்று கத்துகிறவர்களைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குத்தான் தெரியும், போனைக் கண்டாலே ஏன் குமட்டுகிறது என்று. கடிதம் கத்தாது.

அண்ணி, நீங்கள் எழுதியிருப்பது நான் பட்ட அதே வலி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேராகிக் கிடந்த சமயத்தில், தட்டையான ரப்பர் செருப்போடு மாடி ஏறி இறங்கி வாங்கிக் கட்டிக்கொண்டது. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, பாதத்துக்கு அடியில் போட்டு முன்னும் பின்னும் உருட்டுங்கள். வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சுவரில் கையை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை இழுத்துப் பிடியுங்கள். பார்க்கிறவர்களுக்குச் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். "வாடகை வீடு, பாத்துத் தள்ளு" என்று இவர் கிண்டல் செய்தார். ஆனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். என் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தை நன்றாகப் பேசுகிறார்கள் என்று படித்ததும் எனக்கே தெம்பு வந்தது.

டாக்டரிடம் போனேன். பாதத்துக்கு அடியில், குதிகாலிலிருந்து விரல்கள் வரை நாடா மாதிரி ஒரு தசைநார் ஓடுகிறதாம். நின்று நின்று அது புண்பட்டிருக்கிறது. நாம் தூங்கும்போது அது சுருங்கிக்கொள்கிறது, காலையில் திடீரென்று மிதித்தால் இழுபட்டுக் கத்துகிறது. "ஊசி இப்ப வேண்டாம். பொறுமையா பயிற்சி பண்ணுங்க, மாசக்கணக்குல ஆகும்" என்றார். உன் பாட்டிலையும் சுவரையும் அவரும் சொன்னார். உனக்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிடலாம்.

இன்னொன்றும் சொன்னார். எழுந்ததும் காலைத் தரையில் வைக்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களை நம் பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக்கூட அப்படி உட்கார்ந்து, நடுநடுவே எழுதுகிறேன். தூக்கம் பாதி கலைந்தும் கலையாமலும் இருக்கிற நேரம் இது. அவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி சத்தம் கேட்கும். சட்டையைத் தேடுகிற மாதிரி அலமாரிக் கதவு முனகும். அவர் போய் நாலு வருஷம் ஆகியும் இந்த நேரத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. நானும் அவசரப்பட்டு இறங்குவதில்லை. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு கால் தரையில் படும், வீடு காலியாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு அத்தை கலங்கினால் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்யில்லை.

கூடத்தில் நான் நிற்கிற இடத்தில் யாரோ தடியான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவோ பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நலமே. நீங்களும் காலும் எப்படி?

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது குளியலறைத் தண்ணீர் என்ற இடத்தில் எனக்கே குரல் உடைந்துவிட்டது. அம்மா அழவில்லை. "அவன் குளிச்சா ஊருக்கே தெரியும்" என்று சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய், போட்ட உப்பையே மறுபடியும் போட்டாள்.

அண்ணன் இருந்திருந்தால் உங்கள் காலைத் தரையிலேயே வைக்க விட்டிருக்க மாட்டான். அவன் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பதில் எழுதுங்கள். எதற்கு இப்படித் தனியாக நின்று நின்று காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள். பின் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டேன், பச்சையில். உங்களுக்குப் பச்சை பிடிக்கும்தானே?

ரப்பர் விரிப்புப் போட்ட புண்ணியவான் யார்? உங்கள் மேற்பார்வையாளருக்கு அவ்வளவு இளகிய மனசு கிடையாதே!

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 13

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் எல்லோருடைய உடம்பும் நன்றாக இருக்கட்டும். எனக்கு வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

நீ கேட்ட புண்ணியவான் மேற்பார்வையாளர் இல்லை. எங்களிடம் தொட்டிக்குள் இறங்கி உள்பக்கக் கண்ணாடியைத் துடைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு கரையில் நடந்து வருகிற அழகைப் பார்த்து எல்லோரும் 'வாத்து' என்றே கூப்பிடுகிறோம். தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வாத்து நடை இருந்த இடம் தெரியாது. மீன்கள் அவருக்கு வழிகூட விடுவதில்லை, அவ்வளவு பழக்கம். அவர் துடைக்கத் துடைக்க, கண்ணாடியில் படிந்த பாசி போய், அந்தப் பக்கம் ஒரு முகம் தெளிவாகிக்கொண்டே வரும். அவர்கள் பம்பு அறையில் சும்மா கிடந்த விரிப்புத்தான் அது.

மெத்தென்ற செருப்பும் வாங்கிவிட்டேன். குதிகால் பக்கம் நன்றாக உயர்ந்து, நடுப்பாதத்தைத் தாங்குகிற மாதிரி இருக்கிறது. கடையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாமே சரியாக இருக்கிற மாதிரி இருந்தது. அவர்தான் குனிந்து, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்து, ஒரு அளவு பெரியதாக எடுக்கச் சொன்னார். அதுதான் சரியாக இருக்கிறது.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அத்தையை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். கால் வலி குறைந்தது பற்றி மகிழ்ச்சி.

பின் அறையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போகட்டும்.

செருப்புக் கடையில் குனிந்து பார்த்தவர் கடைக்காரராக இருந்தால் கடைக்காரர் என்று எழுதியிருப்பீர்கள். 'அவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதங்களில் இத்தனை வருஷமாக 'அவர்' என்றால் ஒரே ஒருவர்தான். பேர் சொல்லாமலே எனக்கும் அம்மாவுக்கும் புரியும்.

அம்மாவுக்குப் படிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன்.

வாயாடி


மே 20

அன்புள்ள வாயாடிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை மட்டும் அத்தைக்குப் படிக்காதே. நீ தனியாகப் படி.

நீ கேட்டபோதுதான் என் கை அந்த வார்த்தையை எழுதியிருப்பதே எனக்குத் தெரிந்தது. ஆமாம், அது வாத்துதான்.

ஒளிக்க வேண்டும் என்று ஒளிக்கவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லாமலேதான் இருந்தது. ஒருநாள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து, "வலது கால்ல பாரமே குடுக்க மாட்டேங்கறீங்களே, என்னாச்சு? தண்ணிக்குள்ள இருந்து பாத்தாலே தெரியுது" என்றார். மறுநாள் விரிப்பு இருந்தது. அப்புறம் என் தண்ணீர் பாட்டிலை மீன் தீனி வைக்கிற உறைபெட்டியில் உறைய வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மத்தி மீன் வாடை தாங்காது. இடைவேளையில் நான் அதை உருட்டுவேன், அவர் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். அதிகம் பேச மாட்டார். தண்ணீருக்குள்ளேயே இருக்கிறவர், பேச்சு வற்றிவிட்டது போல. மனைவி பிரிந்துபோய் வெகு காலம் ஆகிறதாம்.

போன மாதம் கேட்டார். "இனிமே சாயங்காலம் ஒரே வீட்டுக்குப் போனா என்ன?" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்னிடம் அனுமதி கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கேட்கிறேன் போலிருக்கிறது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததால்தான் நீ கிடைத்தாய், அத்தை கிடைத்தார்கள். நான் வேறு ஒருவர் கையைப் பிடித்தால் நீங்கள் எனக்கு யார்? நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய்? பச்சைத் திரை போட்ட அறையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இதுதான் வந்து பேனாவை மறித்தது.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 6

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமா? உன் வீட்டுக்காரர் நலமா? என் முந்தைய கடிதம் வந்து சேராமல் போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

கால் வலி திரும்ப வந்துவிட்டது. என் தப்புதான். காலையில் உட்கார்ந்து துண்டை இழுக்கிற பொறுமை போய்விட்டது, எழுந்த வேகத்தில் இறங்கிவிடுகிறேன். டாக்டர் திட்டினார். "நல்லாகிட்டிருக்கும்போதுதான் விட்டுடுவீங்க" என்றார்.

விரிப்பு அதே இடத்தில் இருக்கிறது. காத்திருப்பதாக ஒருவர் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வேறெதுவும் எழுத வேண்டாம். அத்தையின் உடம்பு எப்படி என்று ஒரு வரி போதும்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நலம். நானும் இவரும் நலம். உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது?

மேலே 'அண்ணி' என்று எழுதும் முன் பேனா வெகுநேரம் நின்றது. வேறு என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

எனக்குக் கோபம் அண்ணி. அம்மா தாங்க மாட்டாள், அதனால்தான் பதில் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா பெயரைச் சொல்லி என் கோபத்தை மூடி வைத்திருந்தேன். நீங்கள் 'அவர்' என்று எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் அண்ணன் உங்கள் வீட்டில் இருக்கிறான், நான்தான் போய்ப் பார்க்கவில்லை என்பது மாதிரி இருந்தது. அந்த வார்த்தை வேறு ஒருவருக்குப் போனதும், அவன் இப்போதுதான் செத்தான்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கால் வலியைப் படித்தேன், டாக்டர் திட்டியதைப் படித்தேன். விரிப்பு வந்ததும் தாண்டினேன். அம்மா, "நடுவுல என்னத்த முழுங்குற?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். "நீ பொறந்ததுலேர்ந்து உன் வாயப் பாத்துட்டிருக்கேன். படி. விட்டதையும் சேத்துப் படி" என்றாள்.

மே மாதக் கடிதத்தையும் எடுத்து வந்து படித்தேன். நீங்கள் படிக்காதே என்று எழுதியிருந்ததையும் சேர்த்தே. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழவில்லை. மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டே கேட்டாள்:

"அவன் நல்லவனா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பாத்தனா?"

"கால் வலிக்கு என்ன பண்ணான்னு எழுதியிருக்கா, திரும்பப் படி."

படித்தேன். உறைபெட்டி வாடை வந்த இடத்தில் மூக்கைச் சுளித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, "போய்ப் பாக்கணும்" என்றாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆறும்.

துண்டை எடுத்துப் பயிற்சி செய்யுங்கள். அதை விட்டதற்கு நானும் ஒரு காரணம் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 15

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்து நிம்மதி. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபத்தை எழுதியதற்கு நன்றி. நீ எழுதாமல் இருந்ததைவிட அது சுலபமாக இருந்தது.

துண்டை மறுபடியும் எடுத்தேன். சுவரையும் தள்ளுகிறேன். இங்கேயும் வாடகை வீடுதான்.

போன வாரம் ஒரு காலை. மழை பெய்துகொண்டிருந்தது. எழுந்தேன், சமையலறைக்குப் போனேன், அடுப்பைப் பற்ற வைத்தேன், பால் பொங்குகிற வரை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்குள் தெரு, எங்கள் தொட்டிக்குள் தெரிகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. பாலை இறக்கும்போதுதான் உறைத்தது, நான் நடந்து வந்திருக்கிறேன். சுவரைப் பிடிக்கவில்லை. துண்டை எடுக்கக்கூட மறந்திருக்கிறேன். வலிக்கவில்லை. அதோடு இன்னொன்றும் உறைத்தது. அன்று நான் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைத் தேடவில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. மறுபடி கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. அழுதேன். ஆனால் அது பழைய அழுகை இல்லை, எப்படிச் சொல்வது, தூங்கி எழுந்த பிள்ளை காரணமில்லாமல் கொஞ்ச நேரம் அழுமே, அது மாதிரி. அப்புறம் பால் ஆறிப்போகிறதே என்று எழுந்து வந்து குடித்தேன்.

அன்று வேலைக்குப் போய், கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றேன். அவர் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையை ஆட்டினேன். அவர் கையிலிருந்த துடைப்பான் நழுவி அடியில் போய்விட்டது. ஒரு ஆமை அதைத் தின்னப் பார்த்து, பெரிய கலாட்டா.

நவம்பரில் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துகொள்வதாக இருக்கிறோம். அதற்கு முன் நீயும் அத்தையும் வர வேண்டும். அத்தை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. வாருங்கள்.

அன்புடன்,
அண்ணி


நவம்பர் 18

அன்புள்ள வாயாடிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் அத்தைக்குத் தூக்கம் வந்ததா? கால் வீங்கியிருந்தால் தலையணை வைத்து உயர்த்தச் சொல்.

நீங்கள் போன பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கிறது. நீ என்னோடு சரியாகப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. பாத்திரத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாயே, அதுவே போதும்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று நான் வாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தை பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர் உள்ளே. அத்தை அவரைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள், வெகுநேரம். இவ்வளவு தடிமனான கண்ணாடியில் உள்ளே இருக்கிறவருக்கு ஒரு சொல் கேட்காது. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, மிதந்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மேலும் அந்த நீலம் அசைந்துகொண்டிருந்தது. கிட்டே வர எனக்குக் கால் எழவில்லை, இந்தத் தடவை வலியால் இல்லை.

நீ பக்கத்தில் நின்றாய். அத்தை என்ன சொன்னார்கள்? சாயங்காலம் கேட்டதற்கு, "எழுதறேன்" என்று மட்டும் சொன்னாய். எழுது.

அன்புடன்,
அண்ணி


டிசம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். 'இருவரும்' என்று எழுதிப் பார்த்தேன், எழுத வருகிறது.

நேரில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஏம்ப்பா, இவ வலிச்சா சொல்ல மாட்டா. எங்க வீட்டுக்கு வந்த புதுசுல கையச் சுட்டுக்கிட்டு, யாருக்கும் காட்டாம துணியச் சுத்திக்கிட்டே வேல பாத்தா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. அப்பவே என் பையன்கிட்ட சொன்னேன், மூஞ்சியப் பாத்து ஏமாறாதடா, நடையப் பாரு, கையப் பாருன்னு. அவன் பாத்துக்கிட்டான். இருக்கற வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டான். நீ யாரும் சொல்லாமயே பாத்துட்ட. அதான் உன்னப் பாக்க வந்தேன்."

அந்தத் திருக்கை அவர்கள் இருவருக்கும் நடுவில் போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்து, "தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்காத, சளி புடிச்சுக்கும்" என்றாள். அவர் அதற்கும் தலையாட்டினார்.

ரயிலில் அம்மா தூங்கவில்லை. "இனிமே அவ நமக்கு யாருடி?" என்று கேட்டாள். எனக்குப் புகார் அறைக் குரல் வந்துவிட்டது. "அண்ணிதான். அதுல என்ன சந்தேகம்?" என்றேன். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "கத்தாத, கேக்குது" என்றாள்.

கண்ணாடிக்கு உள்ளே அவருக்கு ஒன்றும் காதில் விழுந்திருக்காது. நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டிலும் செருப்பைக் கழற்றாதீர்கள். வலித்தால், தயவுசெய்து, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

என்றும் உங்கள் நாத்தனார்,
வாயாடி